ஸ்பேம் வடிகட்டியை ஷெல் ஸ்கிரிப்ட்களால் பராமரிப்பது: சின்ன ஆபீஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் நம்மவர்கள் நடத்தும் அச்சகங்கள், டிராவல்ஸ்கள், கணக்கு எழுதும் ஆபீஸ்கள் நிறைய உண்டு. அவற்றில் சில, மெயிலுக்குச் சொந்த சர்வரே வைத்திருக்கின்றன. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் மாத வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர் இருக்கும். அதில் யாராவது ஒருவர் ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி நிரலை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். முதலில் நன்றாகத்தான் வடிகட்டும். அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை. தேவனஹள்ளி பிளாட் விளம்பரங்களும் கடன் மெயில்களும் மெல்ல இன்பாக்ஸுக்குள் வரத் தொடங்கும். அதைவிட மோசமாக, நல்ல ஆர்டர் ஒன்று ஜங்க் ஃபோல்டருக்குள் போய் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

இந்த இரண்டில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்து விளம்பரம் உள்ளே வந்தால் எரிச்சல், அவ்வளவுதான். ஒரு நல்ல மெயில் தொலைந்தால் வியாபாரம் போகிறது. கீழே சொல்லும் ஸ்கிரிப்ட்கள் (டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகள்) எல்லாமே நல்ல மெயிலைக் காப்பாற்றுவதற்கு முதல் இடம் கொடுத்து எழுதப்படுபவை. எது ஸ்பேம், எது நல்லது என்ற முடிவு மனிதரிடமே இருக்க வேண்டும். அந்த முடிவை வடிகட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் ஸ்கிரிப்டின் வேலை.

உங்களிடம் டெபியன் அல்லது உபுண்டு இருக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்குகிறது, டவ்காட் ஃபோல்டர்களைக் காட்டுகிறது, ஸ்பேம்அசாசின் மதிப்பெண் போடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் சின்ன எழுத்துகளாகத் தட்டுங்கள்.

முதலில் யூசர் யார் என்று பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்பேம்அசாசின் இரண்டு வழிகளில் மதிப்பெண் போடுகிறது. ஒன்று, எழுதி வைத்த விதிகள். மற்றொன்று, நாம் காட்டிய மெயில்களிலிருந்து கற்றுக்கொள்ளும் பேயஸ் முறை. கற்றதை அது ஒரு சின்ன தரவுத்தளத்தில் வைக்கிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அந்தத் தரவுத்தளம் யூசருக்கு யூசர் தனித்தனி. நீங்கள் ரூட்டாக (சர்வரில் முழு அதிகாரம் உள்ள யூசராக) உட்கார்ந்து ஆயிரம் மெயில்களைக் கற்பித்தால், அத்தனையும் ரூட்டின் வீட்டு டைரக்டரிக்குள் போய்ச் சேரும். வடிகட்டி வேறு யூசராக ஓடினால், கற்பித்ததில் ஒரு வரிகூட அதற்குத் தெரியாது. பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும்.

சின்ன ஆபீஸுக்கு நான் பரிந்துரைப்பது எளிமையான ஏற்பாடு. எல்லா மெயில் பெட்டிகளும் ‘விமெயில்’ என்ற ஒரே யூசருக்குச் சொந்தமாக இருக்கட்டும். வடிகட்டியும் அதே யூசராக ஓடட்டும். கற்பிக்கும் ஸ்கிரிப்டும் அதே யூசராக ஓடட்டும். பெர்மிஷன் தகராறே வராது.

ஸ்பேம்அசாசினுக்குக் கற்பிக்கும் கட்டளையின் பெயர் எஸ்ஏ-லேர்ன். சரிபார்க்க, அந்த யூசராக ‘எஸ்ஏ-லேர்ன் --டம்ப் மேஜிக்’ என்று கொடுங்கள். வரும் வரிகளில் என்-ஸ்பேம், என்-ஹாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது கற்ற ஸ்பேம் எண்ணிக்கை, பின்னது கற்ற நல்ல மெயில் எண்ணிக்கை (இந்தத் தொழிலில் நல்ல மெயிலை ஹாம் என்பார்கள்). இரண்டும் தலா 200-ஐத் தொடும்வரை பேயஸ் மதிப்பெண் போடவே தொடங்காது. ஸ்பேம் 5,000 இருந்தும் ஹாம் 150-தான் என்றால், இத்தனை நாள் பேயஸ் சும்மாதான் இருந்திருக்கிறது.

ஃபோல்டர்களும் ஆபீஸ் ஆட்களும்

ஜங்க் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் ஸ்பேம் என்று அப்படியே கற்பித்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த ஃபோல்டருக்குள் மெயிலைப் போட்டது வடிகட்டிதான். அது தவறாகப் பிடித்த நல்ல மெயிலும் உள்ளே கிடக்கும். அதையும் ஸ்பேம் என்று கற்பித்தால், வடிகட்டி தன் தவறையே பாடமாகப் படித்துக்கொள்ளும். அடுத்த முறை அதே வாடிக்கையாளரின் மெயில் இன்னும் அழுத்தமாக ஜங்குக்குப் போகும்.

அதனால் எல்லோருடைய பெட்டியிலும் தனியாக இரண்டு ஃபோல்டர்கள் வையுங்கள்: லேர்ன்-ஸ்பேம், லேர்ன்-ஹாம். மனிதக் கை மட்டுமே இவற்றில் மெயிலைப் போடும். பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழில் வைத்தால் மெயில் நிரலில் அழகாகத் தெரியும், ஆனால் பல சர்வர்களில் டிஸ்க்கில் அது & குறியோடு தொடங்கும் புரியாத எழுத்துக் குவியலாகச் சேமிக்கப்படும். மெயில் நிரலும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஐமேப் நெறிமுறை ஆங்கிலமல்லாத பெயர்களை அப்படித்தான் மாற்றி எழுதுகிறது. ஸ்கிரிப்டில் அந்தப் பாதையை எழுத முயன்றால் வீண் தலைவலி.

ஆபீஸில் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம். இன்பாக்ஸில் விளம்பரம் வந்தால் லேர்ன்-ஸ்பேமுக்கு இழுத்துப் போடுங்கள். ஜங்கில் நல்ல மெயில் கிடந்தால் லேர்ன்-ஹாமுக்கு இழுத்துப் போடுங்கள், கால் மணி நேரத்தில் அது தானாக இன்பாக்ஸுக்கு வந்துவிடும். யாரும் யாருக்கும் “இது ஸ்பேம், பாருங்க அண்ணா” என்று ஃபார்வர்டு செய்ய வேண்டாம். ஃபார்வர்டு செய்த மெயிலில் அனுப்பியவர் உங்கள் ஆபீஸ் ஆளாகிவிடுகிறார். அதைக் கற்பித்தால் உங்கள் ஆபீஸ் முகவரியே சந்தேகத்துக்குள்ளாகும்.

அடுத்தவர் கடிதங்களை ஸ்கிரிப்ட் படிக்கப்போகிறது என்பதையும் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஸ்கிரிப்ட் எழுதும் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் பதியட்டும். தலைப்போ அனுப்பியவர் பெயரோ வேண்டாம். பேயஸ் தரவுத்தளம் சொற்களை அப்படியே சேமிப்பதில்லை, ஹாஷ் ஆக்கித்தான் (சொல் வெளியே தெரியாத குறியீடாக மாற்றித்தான்) வைக்கிறது. இதைச் சொன்னால் பலருக்கு நிம்மதி.

கற்பிக்கும் ஸ்கிரிப்ட்

முதல் வரி #! என்று தொடங்கி பாஷ் இருக்கும் பாதையைச் சொல்லட்டும். இரண்டாவது வரி ‘செட் -யு’. மதிப்பு கொடுக்காத மாறி எங்காவது வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். மெயில் ஃபோல்டர்களில் கைவைக்கும் ஸ்கிரிப்டுக்கு இது கட்டாயம். பாதையைத் தாங்கும் மாறிக்கு மதிப்பே கொடுக்காமல் விட்டு, அதன் பின்னால் /* மட்டும் நின்றால், அழிக்கும் கட்டளை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாகப் பூட்டு. ஒரு பூட்டுக் கோப்பை 9-ஆம் கோப்பு எண்ணில் திறந்து ‘ஃப்ளாக் -என் 9’ என்று கேளுங்கள். முந்தைய ஓட்டம் முடியவில்லை என்றால் பூட்டு கிடைக்காது, ஸ்கிரிப்ட் பேசாமல் வெளியேற வேண்டும். கால் மணிக்கொருமுறை ஓடப்போகும் ஸ்கிரிப்ட் இது. பூட்டு இல்லையென்றால் ஒரு நாள் இரண்டு ஓட்டங்கள் ஒரே தரவுத்தளத்தில் மோதிக்கொள்ளும்.

அடுத்து, ஒவ்வொருவரின் பெட்டிக்கும் ஒரு ஃபார் சுற்று. மெயில்டிர் அமைப்பில் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று சேமிக்கும் முறை) ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் கர், நியூ, டெம்ப் என்று மூன்று டைரக்டரிகள் இருக்கும். லேர்ன்-ஸ்பேமின் கர் டைரக்டரியை ‘எஸ்ஏ-லேர்ன் --நோ-சிங்க் --ஸ்பேம்’ கட்டளைக்குக் கொடுங்கள். லேர்ன்-ஹாமின் கர் டைரக்டரியை அதேபோல் ‘--ஹாம்’ போட்டுக் கொடுங்கள். எல்லோரையும் முடித்த பிறகு, கற்றதைத் தரவுத்தளத்தில் சேர்க்க ஒரே ஒருமுறை ‘எஸ்ஏ-லேர்ன் --சிங்க்’. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக சிங்க் செய்தால் நேரம் வீண். மாறிகள் எல்லாவற்றையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லையென்றால் இடைவெளி உள்ள ஃபோல்டர் பெயர் ஒன்று வந்ததும் உடைந்துவிடும்.

கற்பித்து முடிந்ததும் மெயில்களை நகர்த்த வேண்டும். இதற்கு எம்வி கட்டளையைத் தொடாதீர்கள். டவ்காட் தனக்கென இண்டெக்ஸ் (மெயில்களின் பட்டியல்) வைத்திருக்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் கோப்புகளை நகர்த்துவது நல்லதல்ல. டவ்காட்டிலேயே ‘டவ்அட்மின் மூவ்’ என்று கட்டளை இருக்கிறது. -யு போட்டு யூசர் பெயர், பிறகு போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர், பிறகு ‘மெயில்பாக்ஸ்’ என்ற சொல்லோடு எடுக்க வேண்டிய ஃபோல்டர், கடைசியில் ‘ஆல்’. லேர்ன்-ஸ்பேமில் இருப்பவை ஜங்குக்கு, லேர்ன்-ஹாமில் இருப்பவை இன்பாக்ஸுக்கு. எஸ்ஏ-லேர்ன் 0 என்று (அதாவது பிழையில்லாமல்) முடிந்திருந்தால் மட்டும் நகர்த்துங்கள். இந்த ஸ்கிரிப்டில் அழிக்கும் கட்டளை எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை மாற்றாதீர்கள்.

ஒரே மெயிலை இரண்டு முறை காட்டினால் கணக்கு கெடுமோ என்ற பயம் வேண்டாம். கற்ற மெயில்களை எஸ்ஏ-லேர்ன் நினைவில் வைத்துத் தாண்டிவிடும். முன்பு ஸ்பேம் என்று கற்றதை இப்போது ஹாம் என்று காட்டினால், பழையதை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்கும்.

அச்சகத்தில் நடக்கும் ஒன்று

கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் பெண், “அண்ணா, அந்த ஓசூர் பார்ட்டி மெயில் அனுப்பிட்டேன்னு சொல்றாங்க, இங்க வரவே இல்லையே” என்பார். ஜங்கில் தேடினால் கிடைக்கும். மெயிலைத் திறந்து ‘எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்’ என்ற தலைப்பு வரியைப் பாருங்கள். மொத்த மதிப்பெண், தேவையான மதிப்பெண் (நீங்கள் மாற்றாவிட்டால் 5.0), எந்தெந்த விதிகள் தொட்டன என்று எல்லாம் அதில் இருக்கும். பேயஸ்_99 என்று இருந்தால், இது ஸ்பேமாக இருக்க 99 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று வடிகட்டி நம்புகிறது. அதற்கு மட்டுமே 3.5 புள்ளி. பேயஸ்_00 என்றால் நேர்மாறு, 1.9 புள்ளி குறையும்.

சரி, இத்தனை நாள் லேர்ன்-ஹாமில் போட்டும் ஏன் இப்படி? என்-ஹாம் எண்ணைப் பார்த்தால் ஃபோல்டருக்குப் போன அளவுக்கு அது ஏறியிருக்காது. காரணம் அளவு. எஸ்ஏ-லேர்ன் 256 கேபிக்கு மேற்பட்ட மெயில்களைத் தானாகவே விட்டுவிடும். அச்சகத்துக்கு வரும் உண்மையான ஆர்டர் ஒவ்வொன்றிலும் ஒரு படமோ பிடிஎஃப்போ ஒட்டியிருக்கும், எல்லாமே அந்த அளவைத் தாண்டும். விளம்பர மெயில்களோ சின்னவை. ஆக, வடிகட்டி ஸ்பேமை மட்டும் படித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டளையில் ‘--மேக்ஸ்-சைஸ்’ சேர்த்து 5242880 என்று, அதாவது 5 எம்பி கொடுங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் வந்துபோகும் பெங்களூர் ஆபீஸில் இன்னொன்றையும் பாருங்கள். லோக்கல்.சிஎஃப் என்ற ஸ்பேம்அசாசின் அமைப்புக் கோப்பில் ‘ஓகே_லேங்குவேஜஸ்’ என்ற வரி இருந்து, அதில் ஆங்கிலம் மட்டும் போட்டிருந்தால், தமிழ் மெயில் வேண்டாத மொழி என்று கூடுதல் புள்ளி வாங்கும். வேறு நாட்டு வழிகாட்டியைப் பார்த்து யாரோ ஒட்டிய வரியாக இருக்கும். எடுத்துவிடுங்கள். 4.0-க்கு முந்தைய ஸ்பேம்அசாசின் வைத்திருந்தால் புதுப்பிப்பதும் நல்லது. 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் விதம் நன்றாக மேம்பட்டிருக்கிறது.

விதிகளைப் புதுப்பிப்பது

டெபியனும் உபுண்டுவும் தரும் தொகுப்பிலேயே விதிகளைத் தினமும் புதுப்பிக்கும் வேலை ஒன்று உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் ‘எஸ்ஏ-அப்டேட்’ கட்டளையைச் சுற்றி நீங்களே எழுத வேண்டும்.

கட்டளை முடிந்ததும் $? என்பதில் வரும் எண்ணை உடனே ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். 0 என்றால் புதிய விதிகள் வந்து நிறுவப்பட்டன. 1 என்றால் புதிதாக எதுவும் இல்லை, இது பிழை அல்ல. 2 என்றால் உங்கள் அமைப்புக் கோப்பிலேயே பிழை. 3 என்றால் சில சேனல்கள் (விதிகள் வரும் இடங்கள்) புதுப்பிக்கப்பட்டன, சில தவறின. 4-ம் அதற்கு மேலும் உண்மையான தோல்வி. பலர் ‘செட் -இ’ (0 அல்லாத எண் வந்தால் உடனே நிற்கச் சொல்லும் வரி) போட்டுவிடுகிறார்கள், அதனால் 1 வந்த நாளெல்லாம் ஸ்கிரிப்ட் பாதியில் சாகிறது. தினமும் வரும் பொய் எச்சரிக்கையைப் பார்த்துப் பார்த்து, உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் யாரும் அதைத் திறப்பதில்லை. கேஸ் அமைப்பு போட்டு ஒவ்வொரு எண்ணுக்கும் தனி வழி எழுதுங்கள்.

0 வந்தால் நேராக மறுதொடக்கம் செய்யாதீர்கள். முதலில் விதிகளில் பிழை உண்டா என்று பார்க்கும் ‘ஸ்பேம்அசாசின் --லிண்ட்’. அது பேசாமல் முடிந்தால் மட்டும் ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்’. சேவையின் பெயர் பதிப்பைப் பொறுத்து ஸ்பேம்டி என்றோ ஸ்பேம்அசாசின் என்றோ இருக்கும். எஸ்ஏ-அப்டேட் கட்டளைக்கு முன்னால், ஏதோ சில நிமிடங்கள் காத்திருக்கும்படி ஸ்லீப் வையுங்கள். உலகம் முழுக்க எல்லோரும் ஒரே நிமிடத்தில் போய் விதிகள் தரும் சர்வரை மொய்க்க வேண்டியதில்லை.

விதிகள் புதியவை, ஆனாலும் ஸ்பேம் உள்ளே வருகிறதா? மெயில் தலைப்பில் யூஆர்ஐபிஎல்_பிளாக்டு என்று இருக்கிறதா பாருங்கள். ஸ்பேம் மெயில்களுக்குள் வரும் இணைய முகவரிகளின் பட்டியலை வைத்திருக்கும் இது போன்ற சேவைகள், கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடித் தரும் சேவை) வழியாக வரும் கேள்விகளுக்குப் பதில் தருவதில்லை. சர்வரிலேயே அன்பவுண்டு போன்ற ஒரு டிஎன்எஸ் ரிசால்வரை வைத்தால் தீர்ந்துவிடும். நான் பார்த்தவரை சின்ன ஆபீஸ்களில் இந்த ஒரு மாற்றம் பேயஸைவிட அதிகப் பலன் தருகிறது.

ஜங்கைக் காலி செய்வது

‘ஃபைண்ட்’ கட்டளையில் -எம்டைம் +30 போட்டு, பின்னால் டெலிட் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மெயில்டிரில் கோப்பின் எம்டைம் என்பது மெயில் வந்து சேர்ந்த தேதி. போன வருடத்து மெயில் ஒன்றை இன்று ஜங்குக்கு நகர்த்தினால், இன்றிரவே அது போய்விடும். தவறி இழுத்திருந்தால் மீட்க நேரமே இருக்காது. ‘டவ்அட்மின் எக்ஸ்பஞ்ச்’ கட்டளையில் ‘சேவ்டுபிஃபோர் 30டி’ என்று கொடுத்தால், ஃபோல்டருக்குள் வந்த நாளிலிருந்து 30 நாள் கணக்கு. முதல் வாரம் எக்ஸ்பஞ்ச் என்ற இடத்தில் ‘சர்ச்’ என்று போட்டு ஓட்டி, என்னென்ன அகப்படுகின்றன என்று மட்டும் பாருங்கள். திருப்தி வந்த பிறகு மாற்றுங்கள்.

கிரானில் ஏற்றுவது

கிரான் என்பது சொன்ன நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல். கற்பிக்கும் ஸ்கிரிப்டுக்கு */15 * * * * என்று கால் மணிக்கொருமுறை. ஜங்க் காலி செய்வதற்கு 30 11 * * * என்று தினமும் காலை 11.30. ராத்திரி மூன்று மணி வேண்டாம். மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தால், கிரான் அந்த வேலையைத் தவறவிட்டுவிடும், பிறகு நினைவுபடுத்தாது. ராத்திரிதான் ஓட வேண்டும் என்றால் சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்பதை இயக்கி வையுங்கள். தவறவிட்டதை சர்வர் எழுந்ததும் ஓட்டிவிடும்.

கைமுறையாக ஓட்டும்போது வேலை செய்து கிரானில் தோற்றால், பெரும்பாலும் பாத் மாறிதான் காரணம். கிரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகக் குறைவு. கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் ஸ்கிரிப்ட் எதையும் திரையில் எழுத வேண்டாம், எண்ணிக்கையை ‘லாகர்’ வழியாக சிஸ்லாகுக்கு (சர்வரின் பதிவேட்டுக்கு) அனுப்பினால் போதும். திரையில் எழுதுவதையெல்லாம் கிரான் மெயிலாக அனுப்பும். பிழை வந்தால் மட்டும் மெயில் வரட்டும்.

வாரம் ஒருமுறை ‘எஸ்ஏ-லேர்ன் --பேக்கப்’ வெளியீட்டைத் தேதி போட்ட கோப்பில் சேமித்து, வேறொரு கம்ப்யூட்டருக்கும் நகல் அனுப்புங்கள். அதே ஓட்டத்தில் என்-ஸ்பேம், என்-ஹாம் எண்களை உங்களுக்கு மெயிலில் வரச் செய்யுங்கள். இரண்டில் ஒன்று வாரக்கணக்கில் நகராமல் நின்றால் எங்கோ அடைப்பு.

வடிகட்டி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க ஜிடியூப் என்ற 68 எழுத்துச் சரம் இருக்கிறது. ஸ்பேம்அசாசின் ஆவணத்திலேயே கிடைக்கும். அதை மெயில் உடலில் தனி வரியாக ஒட்டி வெளி முகவரியிலிருந்து அனுப்புங்கள். 1000 புள்ளி வாங்கி நேராக ஜங்குக்குப் போக வேண்டும்.

யாரோ ஒருவர் இன்பாக்ஸ் முழுவதையும் லேர்ன்-ஸ்பேமுக்குள் இழுத்துப் போட்டுவிட்டால் இப்படிச் செய்யுங்கள். முதலில் கிரானில் கற்பிக்கும் வரியின் முன்னால் # போட்டு நிறுத்துங்கள். ஜங்கைக் காலி செய்யும் வரியையும் நிறுத்துங்கள். ‘எஸ்ஏ-லேர்ன் --கிளியர்’ கொடுத்து, போன வாரத்து பேக்கப்பை ‘--ரீஸ்டோர்’ செய்யுங்கள். --டம்ப் மேஜிக்கில் எண்கள் பழையபடி வந்ததா பாருங்கள். மெயில்கள் எல்லாம் ஜங்கில்தான் இருக்கும், எதுவும் அழிந்திருக்காது. அவற்றை டவ்அட்மின் மூவ் மூலம் இன்பாக்ஸுக்குத் திருப்பிவிட்டு, அந்த இரண்டு # குறிகளையும் எடுத்துவிடுங்கள்.